எவ்வளவு உயரம் வரை உறுதி?

2021 ஏப்ரலில் ஃப்ளோரிடாவின் டேடோனா கடற்கரையில் கல்லூரி அணிகளுக்கான சியர்லீடிங் தேசியப் போட்டி நடந்தது. முதல் நாள் முடிவில் நவாரோ கல்லூரி முன்னிலையில் இருந்தது. டெக்சாஸின் கோர்சிகானா என்ற சிற்றூரைச் சேர்ந்த இந்தக் கல்லூரி 2000-க்குப் பிறகு பத்துக்கும் மேற்பட்ட முறை பட்டம் வென்றிருக்கிறது. 2020-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘சியர்’ தொடரால் அதன் பெயர் உலகமெங்கும் பரவியது. இரண்டாம் நாள் அந்த அணியின் ஆட்டத்தில் பிழைகள் விழுந்தன. பக்கத்து ஊரான ஏதென்ஸின் ட்ரினிட்டி வேலி கல்லூரி கோப்பையை எடுத்துக்கொண்டு போனது. நவாரோவின் பிள்ளைகள் திறமையில் ஒரு படி கீழே என்று அந்தத் தொடரைப் பார்த்த எவரும் சொல்ல மாட்டார்கள். முந்தைய நாள் நின்றது மறுநாள் நிற்கவில்லை.

இந்த விளையாட்டில் பயிற்சியாளர்கள் ஆண்டு முழுதும் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி இதிலிருந்துதான் பிறக்கிறது. ரொட்டீனை, அதாவது அணி மேடையில் செய்து காட்டும் முழு ஆட்டத்தை, எவ்வளவு கடினமாக வைப்பது? கடினமாக வைத்தால் நடுவர் தரும் புள்ளி ஏறும், விழும் வாய்ப்பும் கூடவே ஏறும். எளிதாக வைத்தால் பிசகாது, ஆனால் பக்கத்து அணி மேலே போய்விடும். எவ்வளவு துணியலாம், எங்கே நிறுத்த வேண்டும்? இதற்கு விளையாட்டு உலகம் பல விதமாகப் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறது. அந்தப் பதில்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. என் முடிவையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கேள்வியை மதிப்பெண் தாளிலிருந்து தொடங்குவதுதான் தவறு. விழும்போது யார் மீது விழுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நம் ஊரில் சியர்லீடர் என்றால் 2008 முதல் ஐ.பி.எல். மைதானங்களில் எல்லைக் கோட்டருகே ஆடுபவர்களைத்தான் நினைப்போம். இங்கே பேசப்படுவது வேறு. 1898 நவம்பரில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜானி கேம்ப்பெல் என்ற மாணவர் கூட்டத்தின் முன் வந்து நின்று கோஷத்தை வழிநடத்தியதைத்தான் இதன் பிறப்பாகச் சொல்வார்கள். லாரன்ஸ் ஹெர்கிமர் 1948-இல் தேசிய சியர்லீடர்கள் சங்கத்தைத் தொடங்கினார், ஜெஃப் வெப் 1974-இல் இன்னொரு சங்கத்தைத் தொடங்கினார். இந்த இரண்டு வழியாகவும் முகாம்கள் வளர்ந்தன, முகாம்களிலிருந்து போட்டிகள் வளர்ந்தன. பள்ளி, கல்லூரி எதையும் சாராத ‘ஆல் ஸ்டார்’ கிளப்புகள் பின்னர் பெருகின. 2004 முதல் அவற்றுக்கான உலகப் போட்டி ஆர்லாண்டோவில் நடக்கிறது. ஒலிம்பிக் குழு 2021 ஜூலையில் இதன் சர்வதேச ஒன்றியத்துக்கு முழு அங்கீகாரம் கொடுத்தது. ஆல் ஸ்டார் போட்டியில் ஓர் அணிக்குக் கிடைப்பது அதிகபட்சம் இரண்டரை நிமிடம். 54 அடி நீளமும் 42 அடி அகலமும் உள்ள விரிப்பில், அந்த நேரத்துக்குள் தரைக் குட்டிக்கரணங்கள், குதிப்புகள், ஆளை ஆள் தூக்கும் ஸ்டண்டுகள், பிரமிடு, நடனம் அத்தனையும் வந்தாக வேண்டும்.

கடினம் எங்கே இருக்கிறது என்று தெரிய ஒரு ஸ்டண்டை நெருங்கிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் நான்கு பேர். இரண்டு பேர் எதிரெதிரே நின்று தூக்குகிறார்கள், அவர்கள் பேஸ். பின்னால் ஒருவர் பேக் ஸ்பாட். மேலே போகிறவர் ஃப்ளையர். ‘டிக் டாக்’ என்ற அசைவை எடுத்துக்கொள்வோம். பேஸ்கள் கை நீட்டிய உயரத்தில் ஃப்ளையர் ஒற்றைக் காலில் நிற்கிறார். மறு கால் மடங்கியோ நீண்டோ இருக்கிறது. எண்ணிக்கை வந்ததும் பேஸ்கள் முழங்காலைச் சற்றே மடக்கி எழுந்து அவரை மேலே விடுகிறார்கள். கைக்கும் பாதத்துக்கும் ஒரு நொடிப் பொழுது தொடர்பே இல்லை. அந்த இடைவெளியில் அவர் கால் மாற்றுகிறார், இப்போது வரும் மறு பாதத்தை அதே உயரத்தில் பேஸ்கள் பிடிக்கிறார்கள்.

கீழே உட்கார்ந்து பார்ப்பவருக்கு எல்லாம் மேலே நடப்பதாகத் தோன்றும். ஸ்டண்ட் கெடுவது பெரும்பாலும் கீழேதான். ஒரு பேஸ் எண்ணிக்கைக்கு முன்னால் முழங்காலை மடக்கிவிட்டால் பாதம் சாய்ந்து கிளம்பும். பேக் ஸ்பாட் கணுக்காலை விட்ட கணமும் மறு கணுக்காலைப் பற்றிய கணமும் சற்றே தள்ளிப்போனால் ஃப்ளையரின் இடுப்பு பின்னால் போகும். இடுப்பு பின்னால் போன ஃப்ளையரைக் காப்பாற்ற பேஸ்கள் காலடி எடுத்துவைத்து அவருக்குக் கீழே போய் நிற்க வேண்டும். ஃப்ளையரோ உடம்பை இறுக்கி மரம்போல் நிற்க வேண்டும். பயந்து தளர்ந்தால் கீழே இருப்பவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. நால்வரின் நேரக்கணக்கும் சேர்ந்து பொருந்தினால்தான் ஒரு டிக் டாக் நிற்கும். இதை ஒரே எண்ணிக்கையில் ஐந்து குழுக்கள் செய்கின்றன.

மதிப்பெண் தாள் இதை எப்படி விலை பேசுகிறது என்பதுதான் அடுத்தது. ஆல் ஸ்டார் போட்டிகளில் கடினத்துக்குத் தரும் புள்ளி ஒரு தனி வீரரின் சாகசத்துக்கு இல்லை. அணியில் எத்தனை பேர், எத்தனை குழுக்கள் ஒரே நேரத்தில் அந்தத் திறனைக் காட்டின என்பதைப் பொறுத்தது அது. பெரும்பான்மையினர் செய்தால் ஒரு புள்ளி, அதைவிட அதிகம் பேர் செய்தால் அதற்கு மேல், ஏறக்குறைய எல்லோரும் செய்தால் உச்சம். ஒரு நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு ஒப்பேற்ற முடியாது என்பதால் இது நியாயமான ஏற்பாடுதான். அதே ஏற்பாடுதான் இன்னும் பழுக்காத ஒரு பிள்ளையை எண்ணிக்கை நிறைப்பதற்காக மேலே ஏற்றவும் தூண்டுகிறது. ஐந்து குழுக்களில் நான்கு தயார், ஐந்தாவது அரைகுறை என்னும் நிலையில் ஒரு பயிற்சியாளருக்கு வரும் சபலத்தை இந்த விதியே உண்டாக்குகிறது.

கழிவுகளைப் பார்ப்போம். வார்சிட்டி நிறுவனம் நடத்தும் ஆல் ஸ்டார் போட்டிகளில் பல பருவங்களாகப் பழகிய கணக்கு இது: தரைக் கரணத்தில் ஒருவர் விழுந்தால் 0.15, ஸ்டண்ட் ஆட்டம் கண்டு, விழாமல் காப்பாற்றப்பட்டால் 0.25, விழுந்தால் 0.75, மேலிருப்பவர் தரைக்கே வந்துவிடும் பெரிய வீழ்ச்சிக்கு 1.25. எந்தக் கழிவும் இல்லாமல் முடித்த அணி ‘ஹிட் ஜீரோ’ என்று கொண்டாடும். இந்தச் சொல் வீரர்களின் உடையிலும் முதுகுப் பையிலும் அச்சாகியிருக்கும், அவ்வளவு பெரிய மந்திரம் அது. மேல்மட்டத்தில் முதல் சில இடங்களுக்கு இடையே உள்ள தூரம் பெரும்பாலும் தசமங்களில்தான் இருக்கும் என்பதால் ஒரு விழுதல் என்பது பட்டத்தையே மாற்றும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு புதிய திறனைச் சேர்த்தால் கடினப் பகுதியில் 0.2 கூடும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குழு விழுந்தால் 0.75 கழிவு, அதோடு நேர்த்திக்கான புள்ளியிலும் 0.2 போகும் என்று கொள்வோம். மொத்தம் 0.95 இழப்பு. ஐந்து குழுக்கள் அதைச் செய்கின்றன. வரவும் செலவும் சரியாக நிற்க வேண்டுமானால் ஒவ்வொரு குழுவும் 24 முறைக்கு ஒரு முறைக்கு மேல் விழக் கூடாது. பயிற்சிக் கூடத்தில் பத்துக்கு ஒன்பது முறை நிற்கிறது என்று பெருமையாகச் சொல்லப்படும் ஸ்டண்ட் இந்தக் கணக்கில் நஷ்டம். இந்த எண்கள் என் அனுமானம்தான், தாளுக்குத் தாள் மாறும். ஆனால் அடிப்படை விஷயம் மாறாது. கூடுவது சிறுகச் சிறுகக் கூடுகிறது, போவது ஒரே அடியில் போகிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. ஐந்து குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் ரொட்டீன் முழுதும் ஆறு ஆபத்தான தருணங்கள் என்றால் மொத்தம் 30. ஒவ்வொரு தருணமும் 99 விழுக்காடு நிற்கும் என்றாலும் முப்பதும் நிற்பதற்கான வாய்ப்பு 74 விழுக்காடுதான். 98 என்றால் 55-க்குக் கீழே வந்துவிடும். 95 என்றால் 21. நூற்றுக்கு 95 என்பது பள்ளியில் பாராட்டு பெறும் மதிப்பெண். இங்கே ஐந்து போட்டியில் நான்கில் ஏதோ ஒன்று விழும் என்று அதற்குப் பொருள். நடைமுறையில் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் தருணங்கள் ஒன்றையொன்று தொடாமல் நிகழ்வதில்லை. முதல் ஸ்டண்ட் விழுந்ததும் கூட்டம் பெருமூச்சு விடுகிறது, பக்கத்துக் குழுவின் கண் திரும்புகிறது, எண்ணிக்கை தடுமாறுகிறது. ஒரு வீழ்ச்சிக்குப் பின் இன்னொன்று வருவது தற்செயல் இல்லை.

தங்கள் உண்மையான பிசகு விகிதம் என்ன என்பதே பல அணிகளுக்குத் தெரியாது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு குழு 30 முறை தொடர்ந்து விழாமல் செய்துவிட்டது என்றால் நிம்மதியாகிவிடத் தோன்றும். புள்ளியியல் அந்த நிம்மதியைத் தராது. முப்பது முயற்சியில் ஒன்றும் பிசகாவிட்டாலும் உண்மையான பிசகு விகிதம் 10 விழுக்காடு வரை இருக்க இடமுண்டு. அது 4 விழுக்காட்டுக்குக் கீழே என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல 75 முறைக்கு மேல் ஒரு விழுதலும் இல்லாமல் நிற்க வேண்டும். அதுவும் களைப்பில், முழு ரொட்டீனுக்குள், இசையோடு. கூடத்தில் மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்து, பிறகு தனியாக ஏற்றிப் பார்த்த ஸ்டண்டுகளை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

மற்ற விளையாட்டுகள் இதே சிக்கலில் பட்ட பாடு பெரியது. ஜிம்னாஸ்டிக்ஸில் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் ஆண்கள் பிரிவில் எழுந்த மதிப்பெண் சர்ச்சைக்குப் பின் பழைய 10 புள்ளி முறை கைவிடப்பட்டது. 2006 முதல் கடினத்துக்கு ஒரு மதிப்பெண், நேர்த்திக்கு ஒரு மதிப்பெண் என்று பிரித்தார்கள். கடினப் பக்கத்துக்கு உச்சவரம்பே இல்லை. உடனே எல்லோரும் கடினத்தைக் குவிக்கத் தொடங்கினார்கள். 2009-இல் விழுந்தால் 0.8 என்றிருந்த கழிவை 1 புள்ளியாக உயர்த்தினார்கள். இந்தத் தராசின் முள் எப்படி ஆடும் என்பதற்கு நமக்குக் கிட்டத்தில் இருக்கும் சாட்சி திரிபுராவின் தீபா கர்மாகர். 2016 ரியோ ஒலிம்பிக்கின் வால்ட் இறுதிப் போட்டியில் அவர் தேர்ந்தெடுத்தது புரோதுனோவா. கைகளை ஊன்றி முன்புறமாகப் பாய்ந்து காற்றில் இரட்டைக் கரணம் போட்டு இறங்க வேண்டும். அப்போது அதன் கடின மதிப்பு 7.0, வால்ட்டிலேயே மிக உயர்ந்தது. அவர் அதை இறங்கினார், கிட்டத்தட்ட உட்கார்ந்தபடி. இரண்டு வால்ட்டுகளின் சராசரி 15.066, நான்காவது இடம். வெண்கலம் வென்ற ஸ்விட்சர்லாந்தின் கியூலியா ஸ்டைன்க்ரூபர் 15.216. இடைவெளி 0.150.

அந்த 0.150-க்காக தீபாவைக் குறை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வசதிகள் அதிகம் இல்லாத இடத்திலிருந்து வந்தவருக்கு இறுதிப் போட்டி வரை போகும் வாசலைத் திறந்ததே அந்தக் கடின மதிப்புதான். எளிய வால்ட்டை நேர்த்தியாகச் செய்திருந்தால் பதக்கத்துக்கு அவ்வளவு அருகில் வந்திருப்பாரா என்பது சந்தேகம். ஆனால் விதியை எழுதியவர்களுக்கு இந்தக் கணக்கு உறுத்தியது. வேறு சில நாடுகளின் வீராங்கனைகளும் சரியாக இறங்க முடியாதபோதும் மதிப்புக்காகவே அதை முயன்றுகொண்டிருந்தார்கள். 2017-இல் தொடங்கிய புதிய விதித் தொகுப்பில் புரோதுனோவாவின் மதிப்பு 6.4 ஆகக் குறைந்தது. 2019-இல் அமெரிக்க ஜிம்னாஸ்ட் சிமோன் பைல்ஸின் பீம் இறக்கத்துக்கும் பலர் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த மதிப்பையே சர்வதேச சம்மேளனம் கொடுத்தது, ஆபத்தையும் ஒரு காரணமாகக் குறிப்பிட்டது. பைல்ஸ் அதை ஏற்கவில்லை, செய்யத் தெரிந்தவருக்கு ஏன் தண்டனை என்ற அவருடைய பக்கத்து நியாயமும் வலுவானதே. விலையைக் குறைத்தால் தயாராகாதவர்கள் விலகுவார்கள், தயாரானவர் நஷ்டப்படுவார். இரண்டையும் ஒருசேரச் சரிசெய்யும் எண் எதுவும் இல்லை.

ஐஸ் ஸ்கேட்டிங்கில் 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் எவன் லைசாசெக் காற்றில் நான்கு சுற்று சுற்றும் தாவல் ஒன்றுகூட இல்லாமல் 257.67 புள்ளி எடுத்துத் தங்கம் வென்றார். அந்தத் தாவலைச் செய்த ரஷ்யாவின் யெவ்கெனி ப்ளுஷென்கோ 256.36-இல் நின்றார். பெரும் விவாதம் மூண்டது. அடுத்த பருவத்திலேயே நான்கு சுற்றுத் தாவல்களின் அடிப்படை மதிப்பைக் கூட்டினார்கள். தாவல்கள் பெருகின, விழுதல்களும் பெருகின. 2018-இல் மறுபடி அந்த மதிப்புகளைக் குறைத்து, நேர்த்திக்கான ஏற்ற இறக்கத்தை அகலப்படுத்தினார்கள். எண்ணைத் தொட்டதும் விளையாட்டே ஒரு பக்கமாகச் சாய்கிறது, பிறகு எதிர்ப்பக்கம் இழுக்கிறார்கள். சியர்லீடிங் தாள்களும் ஏறக்குறைய ஒவ்வொரு பருவமும் திருத்தப்படுகின்றன என்பதை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும்.

இதை முற்றிலும் வேறு வழியில் தீர்க்க முயன்ற விளையாட்டு ஒன்று சியர்லீடிங்கின் வயிற்றிலிருந்தே பிறந்தது. 2010-இல் கனெக்டிகட் நீதிபதி ஸ்டீபன் அண்டர்ஹில், குவின்னிபியாக் பல்கலைக்கழக வழக்கில், போட்டி சியர்லீடிங்கை அப்போதைய நிலையில் பெண்களுக்குச் சம வாய்ப்பு தரும் சட்டத்தின் கீழ் விளையாட்டாகக் கணக்கில் கொள்ள முடியாது என்று தீர்ப்பளித்தார். விதிகளும் அமைப்பும் ஒழுங்காக இல்லை என்பது அதன் சாரம். அந்தக் காலகட்டத்தில், 2011-இல், யு.எஸ்.ஏ. சியர் அமைப்பு ‘ஸ்டண்ட்’ என்ற பெயரிலேயே ஒரு புதிய விளையாட்டை உருவாக்கியது. அதில் இரண்டு அணிகள் ஒரே விரிப்பில், ஒரே நேரத்தில், முன்கூட்டியே வகுக்கப்பட்ட ஒரே ரொட்டீனைச் செய்கின்றன. நன்றாகச் செய்த அணிக்குப் புள்ளி. எந்த அளவு கடினமான ரொட்டீன் என்பதை அந்தச் சுற்றைத் தேர்வு செய்யும் உரிமை பெற்ற அணி சொல்லும். இங்கே கடினத்துக்கு விலையே கிடையாது. கடினம் எதிராளியை மாட்டிவிடும் தூண்டிலாக மட்டும் இருக்கிறது, தானும் அதில் மாட்டலாம். நேர்த்தியை ஒப்பிடுவதற்கு இதைவிட நேர்மையான வழி இல்லை. ஆனால் இதில் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க இடமில்லை. உலகப் போட்டியில் ஓர் அணி இதுவரை யாரும் பார்க்காத ஒரு பிரமிடை எழுப்பும்போது அரங்கமே எழுந்து நிற்கிறதே, அந்தச் சந்தோஷத்தை இது தராது. இந்த விளையாட்டை நேசிப்பவர்கள் அதை விட்டுக்கொடுக்க மாட்டார்கள், விட்டுக்கொடுக்கவும் வேண்டியதில்லை.

ஆக, கடினம் இருக்கத்தான் போகிறது. அதைப் பிசகாமல் ஆக்குவது எப்படி? பயிற்சிக் கூடங்களில் பரவலாக இருக்கும் வழி, திரும்பத் திரும்ப முழு ரொட்டீனை நிறுத்தாமல் ஓட்டுவது. ‘ஃபுல் அவுட்’ என்பார்கள். மறுமுனையில் ஒரே ஸ்டண்டை இருபது முறை அடுத்தடுத்து ஏற்றி இறக்கும் முறையும் உண்டு. 1979-இல் ஜான் ஷேயும் ராபின் மோர்கனும் செய்த புகழ்பெற்ற சோதனை இங்கே கைகொடுக்கும். ஒரே அசைவை அடுத்தடுத்துப் பழகியவர்கள் பயிற்சியின்போது நன்றாகச் செய்தார்கள். அசைவுகளைக் கலந்து பழகியவர்கள் பயிற்சியின்போது தடுமாறினாலும் பிற்பாடு சோதித்தபோது முன்னவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். கூடத்தில் அடுத்தடுத்து இருபது முறை நின்ற ஸ்டண்ட் மேடையில் ஏன் விழுகிறது என்பதற்கு இதில் ஒரு விடை இருக்கிறது. மேடையில் யாருக்கும் இருபது முறை கிடைப்பதில்லை. கிடைப்பது ஒரே முறை, அதுவும் ஓடிக் கரணம் போட்டுவிட்டு மூச்சிரைக்க வந்து நிற்கும்போது.

அதனால் ரொட்டீனுக்குள் எது எங்கே வருகிறது என்பது கடினத்தைவிடப் பெரிய விஷயமாகிவிடுகிறது. பொதுவாகத் தொடக்கத்தில் கரணங்களும் குதிப்புகளும், நடுவில் ஸ்டண்ட், ஓடிவந்து போடும் கரணங்கள், பிறகு பிரமிடு, கடைசியில் நடனம் என்று அமைப்பார்கள். பிரமிடு வரும்போது ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். தொடைகள் எரியும், எண்ணிக்கை சொல்லும் குரல் உடையும். அந்த நேரத்தில் முதல் பத்து நொடியின் கடினத்தை வைத்தால் விழத்தான் செய்யும். கூடத்தின் மிகச் சிறந்த நாளில் நின்றதை அளவுகோலாக வைக்கும் பயிற்சியாளர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். அளவுகோல் மிக மெலிந்த குழுவின் சோர்ந்த நாளாக இருக்க வேண்டும். மாற்று வீரர் உள்ளே வந்தாலும் நிற்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ‘சியர்’ முதல் பருவத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பயிற்சியில் ஒருவருக்கு முழங்கை பிசகுகிறது, இன்னொருவருக்கு வேறு அடி, ஒவ்வொரு முறையும் வேறொருவரை உள்ளே நுழைத்துக் குழுவை மறுபடி கட்டுகிறார்கள். ஏப்ரலில் மேடையேறும் அணி செப்டம்பரில் ரொட்டீன் அமைத்த அணியாக இருப்பது அபூர்வம்.

துணிவதற்கும் காலம் உண்டு. தகுதிச் சுற்றுகளில், பயணச் செலவையும் தரும் நுழைவுச் சீட்டுக்காக மோதும்போது, அணிகள் கடினத்தைக் குறைத்துச் சுத்தமாக ஆடுவது வழக்கம். இரண்டு நாள் போட்டியில் முதல் நாள் முன்னிலை பெற்றவருக்கு இரண்டாம் நாள் துணிய வேண்டிய அவசியமில்லை. பின்தங்கியவருக்குச் சுத்தமாக ஆடி ஐந்தாம் இடத்தில் நிற்பதும் விழுந்து ஆறாம் இடத்துக்குப் போவதும் ஏறக்குறைய ஒன்றுதான், அவர் துணியலாம். கணக்காகப் பார்த்தால் இதில் குற்றம் இல்லை. ஆனால் பின்தங்கிய அணிதான் பெரும்பாலும் தயாரிப்பு குறைந்த அணியும். மிக மெலிந்தவர்களை மிகக் கடினத்துக்குத் தள்ளும் இந்த முரண்பாட்டைப் பற்றி யாரும் உரக்கப் பேசுவதில்லை.

பிசகாமையைத் துரத்துவதிலும் கோணல் உண்டு. ஆல் ஸ்டாரில் 1 முதல் 7 வரை நிலைகள் உள்ளன. முதல் நிலையில் காற்றில் கரணமே கூடாது, மேலே போகப் போக முறுக்குகள் கூடும். ஐந்தாம் நிலைக்குத் தயாரான பிள்ளைகளை நான்காம் நிலையில் நிறுத்தி, பிசகே இல்லாமல் வென்று வரும் அணிகள் உண்டு. விதிப்படி சரியாக இருக்கலாம். அந்த நிலைக்கு நேர்மையாக உழைத்து வந்த எதிரணிக் குழந்தைக்கு அது துரோகம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது உடம்பு. 1982 முதல் தரவு சேகரிக்கும் பேரிடர்க் காயங்களுக்கான அமெரிக்கத் தேசிய ஆய்வு மையத்தின் கணக்கில், பள்ளி, கல்லூரிப் பெண்கள் விளையாட்டுகளில் நேர்ந்த மிகக் கடுமையான காயங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சியர்லீடிங்கைச் சேர்ந்தவை. 2006 மார்ச்சில் செயின்ட் லூயிஸில் ஒரு கூடைப்பந்துப் போட்டியின் டைம் அவுட் நேரத்தில், கல்லூரி மாணவி ஒருவர் ஏறத்தாழ 15 அடி உயரப் பிரமிடிலிருந்து தலைகீழாக விழுந்தார். முதுகெலும்பில் விரிசல், மூளை அதிர்ச்சி. ஸ்ட்ரெச்சரில் கட்டிக் கொண்டுபோகும்போது பல்கலைக்கழகப் பாடல் ஒலித்ததும் படுத்தபடியே கை அசைவுகளைச் செய்தார். அமெரிக்கத் தொலைக்காட்சிகள் அதை வீரமாகக் காட்டின. அந்தப் பெண்ணின் மன உறுதியை நான் மறுக்கவில்லை. கழுத்து கட்டப்பட்ட நிலையிலும் ரொட்டீனை முடிக்க வேண்டும் என்று இருபது வயதுக்குள் ஒருவருக்குப் பழக்கப்பட்டிருக்கிறதே, அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு விதிகள் இறுகின. பலர் சேர்ந்து ஒருவரை உயரே எறிந்து பிடிக்கும் பாஸ்கெட் டாஸை உயர்நிலைப் பள்ளிகளில் கடினத் தரையில் செய்வது தடைசெய்யப்பட்டது. பெருங்காயங்கள் குறைந்தன. 2012-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பு, சியர்லீடிங்கை விளையாட்டாக அங்கீகரிக்க வேண்டும், பயிற்சி பெற்ற பயிற்சியாளர்களும் மென்தரையும் கட்டாயம் வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டது. கடினத்தைக் கொஞ்சம் வெட்டியதால் விளையாட்டு செத்துவிடவில்லை என்பதற்கு அந்த ஆண்டுகளே சான்று. எலும்பில் தெரியாத காயமும் இருக்கிறது. தயாராகும் முன் பின்கரணம் போட வைக்கப்பட்ட பிள்ளைக்கு, ஒருநாள் திடீரென்று எளிய பின்கரணம்கூட வராமல் போகும். உடம்புக்குத் தெரியும், மனம் விடாது. கூடங்களில் இதை மென்டல் பிளாக் என்கிறார்கள், மாதக்கணக்கில் நீடிக்கும். பைல்ஸ் 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் காற்றில் திசை தெரியாமல் போய்ப் போட்டிகளிலிருந்து விலகியபோது, இந்தப் பயம் எவ்வளவு பெரியவர்களையும் பிடிக்கும் என்று உலகம் பார்த்தது.

தாளில் ஒரு திருத்தம் வேண்டும் என்று நினைக்கிறேன். ஸ்டண்ட் சாயத் தொடங்கும்போது கீழே இருப்பவர்களுக்கு இரண்டு வழிகள். போராடி நிறுத்தலாம், அல்லது உடனே பத்திரமாகக் கையில் இறக்கிக்கொள்ளலாம். போராடி நிறுத்தினால் 0.25 கழிவு. திட்டமிட்டதற்கு முன்பே இறக்கிக்கொண்டால் அது விழுதல், 0.75. அதாவது ஆபத்தான வழி மலிவு, பத்திரமான வழி விலை அதிகம். பதினான்கு வயது பேஸ் ஒருத்தி, நீட்டிய கை நடுங்க, தன் தலைக்கு மேல் சாயும் தோழியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு நாம் எழுதிவைத்த கூலி அந்த அரைப் புள்ளி.

ஸ்பெயினின் கட்டலோனியாவில் மனிதக் கோபுரம் கட்டுகிறவர்கள் இதை வேறு மாதிரி பார்க்கிறார்கள். கோபுரத்தின் உச்சியில் ஏறிய குழந்தை கை உயர்த்தியதும் கோபுரம் ஏறியதாகக் கணக்கு. ஆனால் கடைசி ஆள் வரை சரியாமல் இறங்கினால்தான் முழு மதிப்பு. தரகோனா நகரில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் போட்டியின் புள்ளிப் பட்டியலில் ஒரே கோபுரத்துக்கு இந்த இரண்டு விதமாகவும் தனித்தனிப் புள்ளிகள் உண்டு. நடுக்கம் அதிகமாகி, உச்சியை எட்டும் முன்பே தலைவர் சொல்லி, ஒழுங்காகக் கலைத்து இறங்கிய கோபுரத்தைச் சரிந்த கோபுரத்தோடு சேர்க்க மாட்டார்கள். அதற்குத் தனிப் பெயர் உண்டு. அங்கேயும் குழந்தைகள் விழுந்திருக்கிறார்கள், 2006-இல் ஒரு குழந்தை இறந்த பிறகே தலைக்கவசம் பரவலானது. ஆனால் இறங்குவதும் திறமை என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இல்லை.

இரண்டரை நிமிட ரொட்டீனில் இதை அப்படியே கொண்டுவர முடியாது. மறுமுறை முயல நேரமில்லை, அரை நொடிக்குள் நடந்தது சாய்வா இறக்கமா என்று நடுவர் பிரித்துச் சொல்ல வேண்டும், சிலர் இதைச் சாக்காக வைத்துக் கடினத்தைத் தொடங்கிவிட்டுப் பாதியில் இறக்கிப் புள்ளி பார்க்கவும் செய்வார்கள். கடைசிச் சிக்கலுக்கு வழி எளிது. முன்பே இறக்கிய ஸ்டண்டுக்குக் கடினப் புள்ளி கிடையாது, விழுதலுக்கான கழிவும் கிடையாது என்று வைத்தால் போதும். இறக்கச் சொல்லும் அதிகாரத்தை யாரிடம் கொடுப்பது என்பதிலும் எனக்குக் குழப்பமில்லை. பயிற்சியாளர் விரிப்புக்கு வெளியே தூரத்தில் நிற்கிறார். ஃப்ளையர் மேலே பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். சாய்வு முதலில் தெரிவது கணுக்காலைப் பற்றியிருக்கும் பேக் ஸ்பாட்டின் கைக்குத்தான்.